'சின்ஸ்', 'ஃபார்': காலத்தைச் சொல்லும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் மாலை வேளைகளில் ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்கு முயலும் செவிலியர்கள், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என வெளியூர்களிலிருந்து பேருந்தேறி வருபவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் முதல் மாதம் முடிவதற்குள் 'சின்ஸ்', 'ஃபார்' என்ற இரண்டு சொற்களில் வந்து தடுக்கி நிற்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருப்பது, அவற்றை வாய்விட்டுப் படித்துக் காதால் கேட்க வேண்டும் என்பதற்காக.

'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

ஒரு செயலோ நிலையோ எப்போது தொடங்கியது என்பதைச் சொல்வது 'சின்ஸ்'. அது எவ்வளவு காலம் நீடித்தது என்பதைச் சொல்வது 'ஃபார்'. நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடம், அதாவது ஓர் ஆண்டு, ஒரு கிழமை, ஒரு மணி, அல்லது ஒரு நிகழ்ச்சி, 'சின்ஸ்' என்பதன் பின்னால் வரும். எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று எண்ணிச் சொல்லக்கூடிய அளவு 'ஃபார்' என்பதன் பின்னால் வரும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்டது. "த பெஞ்ச் ஹேஸ் பீன் இன் மதுரை சின்ஸ் 2004" என்று சொன்னால் தொடங்கிய ஆண்டைச் சொல்கிறோம். "த பெஞ்ச் ஹேஸ் பீன் இன் மதுரை ஃபார் மோர் தேன் ட்வென்டி இயர்ஸ்" என்று சொன்னால் கழிந்த ஆண்டுகளின் அளவைச் சொல்கிறோம். செய்தி ஒன்றுதான், முதல் வாக்கியம் புறப்பட்ட இடத்தைக் காட்டுகிறது, இரண்டாவது வாக்கியம் கடந்த தூரத்தைக் காட்டுகிறது.

தமிழில் இப்படி ஒரு வேறுபாடு இல்லையே, நாங்கள் எதை வைத்துப் பிடித்துக்கொள்வது?

தமிழில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாக இருக்கிறது. நாள்தோறும் பேசுவதால் அது நம் கண்ணில் படுவதில்லை. "பத்து வருஷமா மதுரையில இருக்கேன்" என்கிறோம். "2015-லருந்து மதுரையில இருக்கேன்" என்கிறோம். "பத்து வருஷத்துலருந்து இருக்கேன்" என்று சொல்பவர் அரிது. "2015-ஆ இருக்கேன்" என்று சொல்பவர் எவருமே இல்லை. அளவைச் சொல்லும்போது 'ஆக' என்ற ஈறும், தொடக்கத்தைச் சொல்லும்போது 'இருந்து' அல்லது 'முதல்' என்ற சொல்லும் நம் வாயில் தானாகவே வந்து விழுகின்றன.

ஆகவே, ஆங்கில வாக்கியத்தில் ஐயம் வந்தால் அதே செய்தியை வீட்டில் பேசுவதுபோல் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டு நாளா, ரொம்ப நாளா, மூன்று மணி நேரமா, ஆறு மாசமா என்று 'ஆ' ஒலியில் முடிந்தால் அங்கே 'ஃபார்' வரும். நேற்றிலிருந்து, சின்ன வயசிலிருந்து, சித்திரைத் திருவிழாவிலிருந்து, திங்கள் முதல் என்று வந்தால் பெரும்பாலும் அங்கே 'சின்ஸ்' வரும். 'பெரும்பாலும்' என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 'ஃப்ரம்' என்ற சொல்லைப் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

அப்படியானால் "சின்ஸ் டென் இயர்ஸ்" என்று ஏன் இத்தனை பேர் சொல்கிறோம்?

தமிழைக் குற்றம் சொல்ல இதில் இடமில்லை என்பது என் எண்ணம். இந்தியில் 'ஸே' என்ற ஒரே உருபு இரண்டு வேலைகளையும் செய்கிறது. "தஸ் ஸால் ஸே" என்றால் பத்து ஆண்டுகளாக, "2015 ஸே" என்றால் 2015 முதல். ஆகவே இந்தி பேசுபவர் "சின்ஸ் டென் இயர்ஸ்" என்று சொல்வதற்கு அவர் மொழியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. நமக்கு அந்தக் காரணம் கிடையாது. அலுவலகங்களிலும் கடிதங்களிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய ஒரு தொடரை நாமும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். தன் தாய்மொழியிலேயே சரியாகப் பிரித்துச் சொல்லும் ஒருவர், ஆங்கிலத்துக்குள் நுழைந்தவுடன் அந்தப் பகுப்பை வாசலில் விட்டுவிட்டு வருவதைக் காணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

"சின்ஸ் லாங்", "சின்ஸ் எ லாங் டைம்" ஆகியவையும் இப்படிப் பரவியவைதாம். 'ரொம்ப நாளா' என்பது அளவு. ஆகவே "ஃபார் எ லாங் டைம்" என்பதே சரி.

"ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று 'ஃபார்' போட்டுத்தானே எழுதினேன், அதையும் தவறு என்கிறீர்களே?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிகவும் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என்னிடம் படித்த செவிலியர் ஒருவர், வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி நேர்காணலில் இதே வாக்கியத்தைச் சொன்னார். மூன்று ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கிறேன் என்பதே அவர் சொல்ல நினைத்தது. மறுமுனையில் இருந்தவர், "ஒப்பந்தம் எப்போது முடிகிறது?" என்று கேட்டிருக்கிறார். தான் எந்த ஒப்பந்தத்தையும் சொல்லவில்லையே என்று இவர் திகைத்துப் போனார். மறுநாள் வகுப்புக்கு வந்து, "சார், நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று கேட்டார்.

அவர் சொன்ன வாக்கியம் மறுமுனையில் இருந்தவர் காதில் "மூன்று ஆண்டுகளுக்கு இங்கே வேலை பார்க்கிறேன்" என்று விழுந்திருக்கிறது. தமிழில் 'மூன்று ஆண்டுகளாக' என்பதும் 'மூன்று ஆண்டுகளுக்கு' என்பதும் வேறு வேறு. "பத்து நாளாச் சென்னையில இருக்கேன்" என்றால் பத்து நாள் கழிந்துவிட்டது. "பத்து நாளைக்குச் சென்னையில இருக்கேன்" என்றால் மொத்தம் பத்து நாள் தங்கும் திட்டம், ஒருவேளை இன்றுதான் முதல் நாளாகவும் இருக்கலாம். வினைச்சொல் இரண்டிலும் 'இருக்கேன்' என்று ஒன்றாகவே நிற்கிறது. எந்தப் பொருள் என்பதை 'ஆக' என்ற ஈறும் 'கு' என்ற உருபும் சொல்லிவிடுகின்றன.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் 'ஃபார்' என்ற ஒரே சொல்தான். சொல் பிரித்துக் காட்டாததால் வினைதான் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. "ஐ ஹேவ் பீன் இன் சென்னை ஃபார் டென் டேஸ்" என்றால் பத்து நாளாக. "ஐ ஆம் இன் சென்னை ஃபார் டென் டேஸ்" என்றால் பத்து நாளைக்கு. 'ஹேவ் பீன்' என்பதை எடுத்துவிட்டு 'ஆம்' போட்டால், தமிழில் 'ஆக' இருந்த இடத்தில் 'கு' போட்டதற்குச் சமம். இதை அந்தச் செவிலியரிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, இரண்டு தமிழ் வாக்கியங்களையும் அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இதை ஸ்கூல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

'சின்ஸ்' வரும் வாக்கியத்தில் இந்தக் குழப்பம் ஏற்படுவதில்லை. "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021" என்று சொன்னால் இலக்கணம் தவறினாலும் பொருள் மாறுவதில்லை, கேட்பவர் புரிந்துகொள்வார். 'ஃபார்' வரும் வாக்கியத்தில் வினையைத் தவறவிட்டால் செய்தியே மாறிவிடும். அதனால்தான் இந்த ஒன்றை நான் அழுத்திச் சொல்கிறேன்.

'ஹேவ் ஒர்க்ட்', 'ஹேவ் பீன் ஒர்க்கிங்' – இவற்றில் எதைப் போடுவது?

வேலை பார்ப்பது, குடியிருப்பது, படிப்பது போன்ற நீடிக்கும் செயல்களுக்கு இரண்டையும் பயன்படுத்தலாம். பேச்சில் 'ஹேவ் பீன் ஒர்க்கிங்' சற்று இயல்பாக ஒலிக்கும். ஆனால் தெரிந்திருத்தல், உடைமையாக இருத்தல், பிடித்திருத்தல், நம்புதல் போன்ற நிலைகளைச் சொல்லும் வினைகளுக்குப் பொதுவாக 'இங்' சேர்ப்பதில்லை. பன்னிரண்டு வருஷமாக அவரைத் தெரியும் என்பதற்கு "ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்" என்றே சொல்ல வேண்டும். "ஹேவ் பீன் நோயிங்" என்று சொல்லும் வழக்கம் இல்லை. 1998-லிருந்து இந்தக் கடை எங்களுடையது என்பதற்கு "வீ ஹேவ் ஹேட் திஸ் ஷாப் சின்ஸ் 1998". 'ஹேவ் ஹேட்' என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வருவது பலருக்கு அச்சுப்பிழைபோல் தோன்றும். அது பிழையில்லை, தயங்காமல் எழுதலாம்.

முடிந்துபோன காலத்தைச் சொல்லும்போது என்ன செய்வது?

"மேலூரில் மூன்று வருஷம் இருந்தேன்" என்று தமிழில் சொல்லும்போது 'ஆக'வும் இல்லை, 'கு'வும் இல்லை. அளவு மட்டும் நிற்கிறது, வினை இறந்தகாலத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இங்கேயும் 'ஃபார்' வரலாம்: "ஐ லிவ்ட் இன் மேலூர் ஃபார் த்ரீ இயர்ஸ்." இப்போது அங்கே இல்லை என்பது 'லிவ்ட்' என்ற இறந்தகால வினையிலிருந்து தெரிகிறது. வருங்காலத்துக்கும் 'ஃபார்' வரும்: "ஐ வில் ஸ்டே ஃபார் டூ டேஸ்," அதாவது இரண்டு நாளைக்குத் தங்குவேன். ஆக, 'ஃபார்' எந்தக் காலத்தோடும் சேரும்.

'சின்ஸ்' அப்படி எல்லாவற்றோடும் சேராது. தொடங்கிய புள்ளியிலிருந்து, நாம் நின்று பேசும் புள்ளி வரைக்கும் தொடர்வதையே அது சொல்லும். இதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. காந்தியடிகள் 1921 செப்டம்பரில் மதுரைக்கு வந்து மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கினார். செப்டம்பர் 22 அன்று, மற்ற ஆடைகளை விட்டு அரையாடையோடு வெளியே வந்தார். இதைக் கட்டுரையாக எழுதிய மாணவர் ஒருவர், "காந்தி ஹேஸ் வோர்ன் த லாயின்கிளாத் சின்ஸ் 1921" என்று எழுதியிருந்தார். 1921 ஒரு தொடக்கப் புள்ளி என்பதால் 'சின்ஸ்' போட்டது அவருடைய கணக்குப்படி சரி. ஆனால் 'ஹேஸ் வோர்ன்' என்றால் இன்றும் அணிந்துகொண்டிருக்கிறார் என்று பொருளாகிறது. அண்ணல் 1948 ஜனவரி 30 அன்று மறைந்தார். ஆகவே "காந்தி வோர் த லாயின்கிளாத் ஃப்ரம் 1921 அன்டில் ஹிஸ் டெத் இன் 1948" என்று எழுத வேண்டும். அளவாகச் சொல்ல விரும்பினால், "ஹி வோர் இட் ஃபார் மோர் தேன் ட்வென்டி-சிக்ஸ் இயர்ஸ்". மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது 'சின்ஸ்' கைக்கு வந்தால் ஒரு கணம் நிதானிப்பது நல்லது.

நாம் நின்று பேசும் புள்ளி கடந்தகாலத்தில் இருந்தால், வினை இன்னும் ஒரு படி பின்னே போகும். பத்து மணிக்கு மாட்டுத்தாவணி போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஆறு மணியிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு "வென் ஐ ரீச்ட் மாட்டுத்தாவணி அட் டென், தே ஹேட் பீன் வெய்ட்டிங் சின்ஸ் சிக்ஸ்" என்று சொல்ல வேண்டும்.

'இருந்து' என்றால் 'ஃப்ரம்' என்றுதானே படித்தோம்? 'சின்ஸ்' எங்கே வருகிறது?

தமிழ் நமக்குத் துணை செய்யாத இடம் இது ஒன்றுதான். 'ஆக'வையும் 'இருந்து'வையும் நாம் பிரிக்கிறோம். ஆனால் 'இருந்து' ஒன்றையே ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. இடத்தைச் சொன்னால் எப்போதும் 'ஃப்ரம்' தான். காலத்தைச் சொன்னால், அந்தத் தொடக்கம் கடந்துபோனதாகவும் செயல் இன்றுவரை தொடர்வதாகவும் இருக்கும்போது மட்டும் 'சின்ஸ்'. இனி வரப்போகும் தொடக்கத்துக்கு 'ஃப்ரம்': 'நாளையிலிருந்து' என்பது "ஃப்ரம் டுமாரோ", 'நேற்றிலிருந்து' என்பது "சின்ஸ் யெஸ்டர்டே". தொடக்கமும் முடிவும் சேர்ந்து வந்தாலும் 'ஃப்ரம்' தான்: "ஃப்ரம் டென் டு ஃபைவ்".

வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கியது. "த வைகை எக்ஸ்பிரஸ் ஹேஸ் பீன் ரன்னிங் ஃப்ரம் மதுரை டு சென்னை சின்ஸ் 1977." இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். மதுரையிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', 1977-லிருந்து என்பதற்கு 'சின்ஸ்' என இரண்டும் ஒரே வாக்கியத்தில் தத்தம் இடத்தில் நிற்கின்றன.

ஆண்டு வந்தால் 'சின்ஸ்' போட்டுவிடலாமா?

கூடாது. நடந்து முடிந்த ஒரே நிகழ்ச்சிக்கு 'இன்' வரும். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல் நிறுவப்பட்டது: "வாஸ் ஃபவுண்டட் இன் 1966". 1978 முதல் அது காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது: "ஹேஸ் போர்ன் காமராஜ்'ஸ் நேம் சின்ஸ் 1978". நிறுவுவது ஒரு நாளில் முடிந்துவிடும். பெயர் தாங்குவது தொடர்கிறது. தமிழில் 'இல்', 'முதல்' என்று நாம் மாற்றிச் சொல்வதும் அதனால்தான்.

"சின்ஸ் லாஸ்ட் இயர்" சரியா, "ஃபார் த லாஸ்ட் இயர்" சரியா?

இரண்டும் சரி, பொருள்தான் வேறு. "சின்ஸ் லாஸ்ட் இயர்" என்றால் 'போன வருஷத்திலிருந்து'. "ஃபார் த லாஸ்ட் இயர்" என்றால் 'கடந்த ஒரு வருஷமாக'. 'த' என்ற ஒரு சிறு சொல் சேர்ந்தவுடன் 'லாஸ்ட் இயர்' என்பது நாட்காட்டியில் உள்ள ஓர் ஆண்டாக இல்லாமல், இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணும் பன்னிரண்டு மாத அளவாக மாறிவிடுகிறது. இந்த நுட்பத்தைக் கவனிக்காததால்தான் "சின்ஸ் த லாஸ்ட் டென் இயர்ஸ்" என்ற தொடர் விண்ணப்பங்களில் இவ்வளவு பெருகிக் கிடக்கிறது. 'கடந்த பத்து ஆண்டுகளாக' என்பது அளவு. "ஃபார் த லாஸ்ட் டென் இயர்ஸ்" என்பதே முறை. 'லாஸ்ட்' என்பதற்குப் பதில் 'பாஸ்ட்' என்றும் சொல்லலாம்.

"மூன்று மணியிலிருந்து", "மூன்று மணி நேரமாக" – இரண்டிலும் 'த்ரீ' வருகிறதே?

"சின்ஸ் த்ரீ ஓ'கிளாக்" என்பது மூன்று மணியிலிருந்து. "ஃபார் த்ரீ அவர்ஸ்" என்பது மூன்று மணி நேரமாக. எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், எண்ணுக்குப் பின்னால் வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். 'ஓ'கிளாக்' கடிகாரத்தின் ஓர் இடம், 'அவர்ஸ்' ஓர் அளவு. காலையிலிருந்து என்பதற்கு நாம் "சின்ஸ் மார்னிங்" என்கிறோம். இங்கிலாந்தில் பெரும்பாலும் "சின்ஸ் திஸ் மார்னிங்" என்று 'திஸ்' சேர்த்துச் சொல்வார்கள். தேர்வில் எழுதும்போது சேர்த்தே எழுதுவது நல்லது.

"நான் இங்கே வந்து ஐந்து வருஷம் ஆச்சு" – இதை எப்படிச் சொல்வது?

தமிழில் மிக அழகாக அமைந்த வாக்கிய வடிவங்களில் இதுவும் ஒன்று. கல்யாணம் ஆகி எட்டு வருஷம் ஆச்சு, அவரைப் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு, மழை பெய்து பத்து நாள் ஆச்சு என்று நாள் முழுவதும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ஏறக்குறைய அதே வடிவம் இருக்கிறது: "இட் இஸ் ஃபைவ் இயர்ஸ் சின்ஸ் ஐ கேம் ஹியர்." 'இட் ஹேஸ் பீன்' என்று தொடங்கினாலும் சரி. இங்கே அளவும் தொடக்கமும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஆனாலும் 'ஃபார்' வராது. அளவு வாக்கியத்தின் நடுவில் தனியாக நிற்கிறது, தொடங்கிய நிகழ்ச்சி 'சின்ஸ்' என்பதன் பின்னால் இறந்தகாலத்தில் நிற்கிறது.

ஒரே கணத்தில் நடந்து முடியும் செயல்களை 'ஹேவ்', 'ஹேஸ்' போட்டு நீட்ட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தந்தையை இழந்த மாணவி ஒருவர் விடுதி விண்ணப்பத்தில் "மை ஃபாதர் ஹேஸ் டைட் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதியிருந்தார். இறப்பு ஒரு கணத்தில் நேர்வது. அதை ஐந்து ஆண்டுகள் நீட்ட முடியாது. "மை ஃபாதர் டைட் ஃபைவ் இயர்ஸ் அகோ," அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார், என்று திருத்திக் கொடுத்தேன். 'முன்' என்று தமிழில் வந்தால் 'அகோ'. அங்கே 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டுக்குமே வேலை இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு வழிகள் உண்டு: "வீ காட் மேரீட் எய்ட் இயர்ஸ் அகோ" என்று நிகழ்ச்சியைச் சொல்லலாம், "வீ ஹேவ் பீன் மேரீட் ஃபார் எய்ட் இயர்ஸ்" என்று நிலையைச் சொல்லலாம்.

'இல்லை' என்று சொல்லும் வாக்கியங்களில் ஏதாவது மாறுமா?

விதி மாறாது. "ஐ ஹேவ் நாட் ஈட்டன் சின்ஸ் யெஸ்டர்டே" என்றால் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. "ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் ஃபார் த்ரீ டேஸ்" என்றால் மூன்று நாளாகப் பார்க்கவில்லை. அமெரிக்கர்கள் இரண்டாவது வாக்கியத்தில் 'ஃபார்' என்பதற்குப் பதில் 'இன்' சொல்வதும் உண்டு. கேட்டால் திகைக்க வேண்டாம்.

'ஃபார்' என்பதை விட்டுவிட்டுப் பேசலாமா?

பேச்சில் சில இடங்களில் விடலாம். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் த்ரீ இயர்ஸ்" என்று சொல்பவர்கள் உண்டு. 'ஆல் டே', 'ஆல் நைட்' என்று 'முழுவதும்' என்ற பொருள் வந்தால் 'ஃபார்' சேர்க்காமல் சொல்வதே வழக்கம். எதிர்மறை வாக்கியத்தில் 'ஃபார்' விடப்படுவதில்லை. 'சின்ஸ்' எங்குமே விடப்படுவதில்லை.

'சின்ஸ்' என்றால் 'ஆகையால்' என்றும் பொருள் உண்டாமே?

உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'அதற்குப் பின்' என்ற பொருளில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது 'சின்ஸ்'. ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் எண்ணுவது இயல்பு. அந்த வழியில் அச்சொல் காரணப் பொருளையும் ஏற்றுக்கொண்டது. இது தமிழருக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. நம் மரபிலக்கணம் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களைச் சொல்கிறது. 'மலையின் வீழ் அருவி' என்பதில் அருவி மலையிலிருந்து நீங்குகிறது. 'கல்வியில் பெரியர் கம்பர்' என்பதில் பெருமைக்குக் கல்வி ஏது, அதாவது காரணம். விட்டுப் புறப்படும் இடத்தையும் காரணத்தையும் ஒரே வேற்றுமையில் வைத்த மொழியைப் பேசுகிறவர்களுக்கு 'சின்ஸ்' புரியாமல் போகாது.

ஆனால் எழுதும்போது மயக்கம் வரக்கூடும். "சின்ஸ் மை பிரதர் வென்ட் டு சிங்கப்பூர், ஐ ஹேவ் பீன் ரன்னிங் த ஷாப்" என்ற வாக்கியத்தை 'அண்ணன் சிங்கப்பூர் போனதிலிருந்து கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றும் கொள்ளலாம், 'போனதால்' என்றும் கொள்ளலாம். காரணத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'பிகாஸ்' போட்டுவிடுவது பாதுகாப்பு. காலத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'எவர் சின்ஸ்' என்று சொன்னால் ஐயம் தீர்ந்துவிடும். மேலும், கேட்பவருக்கு முன்பே தெரிந்த காரணத்தைச் சொல்லவே 'சின்ஸ்' பெரும்பாலும் பயன்படுகிறது. ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டால் "பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்று விடை சொல்ல வேண்டும். அங்கே 'சின்ஸ்' பொருந்தாது.

'ஃபார்' என்பதற்கும் காரணப் பொருள் உண்டா?

உண்டு, பழைய நடையிலும் இலக்கிய நடையிலும் அது 'ஏனெனில்' என்ற பொருளில் வரும். 'ஏனெனில்' போலவே, முதலில் செய்தியைச் சொல்லிவிட்டு அதன் பின்னால்தான் வரும். காரணத்தை முன்னால் வைத்து அதைக் கொண்டு வாக்கியத்தைத் தொடங்குவதில்லை. பாடநூலில் கண்டால் புரிந்துகொண்டால் போதும், நாம் எழுத வேண்டியதில்லை.

இதைவிடச் சுவையானது வேறொன்று. 'உனக்காக' என்பதும் 'ஃபார்', 'பத்து நாளாக' என்பதும் 'ஃபார்'. இரண்டிலும் 'ஆக' இருப்பதைக் கவனித்தீர்களா? 'உனக்காக' என்பதில் 'கு' என்ற உருபும் சேர்ந்து நிற்கிறது. 'பத்து நாளைக்கு' என்பதில் 'கு' மட்டும் நிற்கிறது. 'ஆக', 'கு' என்று நாம் பகிர்ந்து கொடுத்திருக்கும் வேலைகளில் பலவற்றை ஆங்கிலம் 'ஃபார்' என்ற ஒரே சொல்லின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறது.

விண்ணப்பக் கடிதத்தில் இவற்றை எப்படிப் பயன்படுத்துவது?

ஒரு மாணவி கொண்டுவந்த கடிதத்தின் மூன்று வரிகளை, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கீழே தருகிறேன்.

"ஐ ஆம் ஒர்க்கிங் அஸ் எ ஸ்டாஃப் நர்ஸ் சின்ஸ் லாஸ்ட் ஃபோர் இயர்ஸ். பிஃபோர் தட் ஐ ஹேவ் ஒர்க்ட் இன் திண்டுக்கல் ஃபார் டூ இயர்ஸ். ஐ ஆம் நோயிங் இந்தி சின்ஸ் லாங்."

முதல் வரி 'நான்கு வருஷமா' என்பது. தொடர்கிறது, அளவு சொல்கிறது. இரண்டாவது வரி 'இரண்டு வருஷம் பார்த்தேன்' என்பது, முடிந்துவிட்டது. மூன்றாவது வரியில், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "சின்ன வயசுலருந்து சார், நாங்க அப்ப நாக்பூர்ல இருந்தோம்" என்றார். தொடக்கப் புள்ளி கிடைத்துவிட்டது. திருத்திய வடிவம் இது:

"ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் அஸ் எ ஸ்டாஃப் நர்ஸ் ஃபார் த லாஸ்ட் ஃபோர் இயர்ஸ். பிஃபோர் தட் ஐ ஒர்க்ட் இன் திண்டுக்கல் ஃபார் டூ இயர்ஸ். ஐ ஹேவ் நோன் இந்தி சின்ஸ் சைல்ட்ஹுட்."

"சின்ஸ் 2019 டில் டேட்" என்று பணிச் சான்றிதழ்களில் போடுகிறார்களே?

'சின்ஸ் 2019' என்று சொன்னவுடனேயே 'இன்றுவரை' என்பது அதற்குள் அடங்கிவிடுகிறது. 'டில் டேட்' மிகை. முடிவையும் சொல்லியே ஆக வேண்டும் என்று விரும்பினால் 'ஃப்ரம் 2019 டு டேட்' என்று எழுதலாம். நிறுவனம் கொடுத்த சான்றிதழில் அப்படி இருந்தால் அதை நாம் திருத்த முடியாது. அதைப் பார்த்து விண்ணப்பத்தில் எடுத்தெழுதும்போது 'சின்ஸ் 2019' என்று மட்டும் எழுதினால் போதும்.